மூளை யந்திரமும் தலையெழுத்தும்

"மூளையைப் போலவே யந்திரம் செய்துவிட்டார்கள், இனி அது சொன்னால் சரியாய்த்தானிருக்கும்" என்று படித்தவர்களே பேசக் கேட்கிறோம். குறிகாரன் சொன்னால் சரி என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை.

சங்கதி இதுதான். ஒரு வியாபாரி பத்து ஊர்களுக்கும் ஒவ்வொரு தரம் போய், புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். மொத்த தூரம் மிகக் குறைவாயிருக்க வேண்டும். பத்து ஊருக்கே 1,81,440 வழிகள் உண்டு. முப்பது ஊரானாலோ வழிகளின் தொகையை எழுத 31 இலக்கங்கள் வேண்டும்.

1985இல் அமெரிக்காவில் ஹாப்ஃபீல்டு, டேங்க் என்னும் இருவர் இதற்கொரு யுக்தி சொன்னார்கள். நரம்பணுக்களைப் போல் ஒன்றோடொன்று பின்னிய மின்சாரச் சுற்றில், அதிக தூரம் மேடாகவும் குறைந்த தூரம் பள்ளமாகவும் அமையும்படி செய்துவிட்டால், தண்ணீர் பள்ளம் நோக்கி ஓடுவதுபோல் அது தானே நல்ல வழியில் போய் நிற்கும் என்றார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் மழைத் தண்ணீரெல்லாம் கடலுக்கா போய்ச் சேருகிறது? வழியிலுள்ள குட்டையிலும் தேங்கிவிடுகிறதல்லவா?

1988இல் வில்சன், பாலி என்னும் இருவர் அம்முறைப்படியே திரும்பச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலான தடவைகளில், குறைந்த வழி கிடைக்காதது மாத்திரமல்ல, எல்லா ஊருக்கும் ஒழுங்காய்ப் போய்த் திரும்பும் வழியே கிடைக்கவில்லை!

இதனால் ஹாப்ஃபீல்டின் யோக்கியதை குறைந்துவிடவில்லை. நரம்பணு வலைகளைப் பற்றிய வேலைக்காக 2024இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே வருஷம் இன்டெல் கம்பெனியார் 115 கோடி செயற்கை நரம்பணுக்கள் கொண்ட யந்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். கொஞ்சம் மின்சாரத்தில், சுருக்காக, ஏறக்குறைய நல்ல விடை கிடைக்கும் என்பதே இவ்வித யந்திரங்களின் லாபம். "ஏறக்குறைய நல்லது" என்பது வேறு, "இதைவிட நல்லது கிடையாது" என்பது வேறு. 2006இல் 85,900 இடங்களுக்கு, இதைவிடக் குறைந்த வழி இல்லையென்று சாதாரணக் கம்ப்யூட்டர்களைக் கொண்டே ருசுப்படுத்தினார்கள். அது கணக்கால் வந்த ருசுவே தவிர, மூளை என்ற பெயரால் வந்ததல்ல.

இது நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். "கம்ப்யூட்டர் போட்ட வழி, கேள்வி கிடையாது" என்று கூலியாளிடம் சொல்லும் காலம் இது. தூரத்தைக் குறை என்று யந்திரத்துக்குச் சொன்னவன் மனிதன். வண்டியோட்டுகிறவன் சோறு தின்ன நேரம் வேண்டுமென்று சொல்லாமல் விட்டவனும் மனிதனே. பிரம்மா எழுதிய தலையெழுத்தையே ஒப்புக்கொள்ளாத நாம், யந்திரம் எழுதியதை மாத்திரம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

ஆகவே தோழர்களே, யந்திரம் வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை, தாராளமாய் வரட்டும். ஆனால் அதன் விடை வரும்போதெல்லாம், எதைக் குறைக்கச் சொன்னார்கள், யார் சொன்னார்கள், வேறு யார் திரும்பச் செய்து பார்த்தார்கள் என்கிற மூன்று கேள்விகளையும் கேட்டே தீரவேண்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம்.