காய்ந்த பலகை ஒன்று வேண்டும்

பெரம்பலூரில் ஒரே ஒரு பலகை வாங்கப் போய்ப் பாருங்கள். ஓரங்குல கனம், பத்தங்குல அகலம், நாலடி நீளம். நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"என்ன வேலை சார்? நிலையா, கதவா?"

"ஸ்டூல் ஒண்ணு செய்யணும்ண்ணே. வீட்ல நானே செய்யறேன்."

"ஒரு பலகைக்கெல்லாம் மெஷின் ஓட்ட முடியாது சார். ஆசாரியைக் கூட்டிட்டு வாங்க, மொத்தமா எடுத்துக்கலாம்."

எந்த மரவாடிக்குப் போனாலும் இதே பேச்சு. சொல்கிறவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வீடு கட்டுகிறவன் வந்தால் முப்பது, நாற்பது கன அடி போகும். ஒரு கன அடி என்றால் ஓரங்குல கனத்தில், ஓரடி அகலத்தில் பன்னிரண்டடி நீளப் பலகை. எனக்குத் தேவை அதில் கால் பங்கு. என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

துறைமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்றதே இல்லை. ஒரு பட்டறை மேசை, ஒரு வைஸ், இரண்டு இழைப்புளி, ஏழெட்டு உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ஒரு டிரில்லிங் மெஷின் இருக்கின்றன. ஆறு நாள் அலுவலகத்தில் தாள்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஷட்டரைத் தூக்கினால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை எனக்கு வேறு உலகம் கிடையாது. இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக மரம் உதிரும்போது வருகிற வாசனைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன். அம்மாவுக்கு முக்காலி, பூஜைக்கு மாடம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடைவண்டி எல்லாம் இங்கே செய்ததுதான்.

ஆனால் மகளுக்குச் செய்த படிப்பு மேசையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வாகை மரம். "போன மாசமே அறுத்தது சார், நல்லா காஞ்சு கிடக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்று பலகையை ஒட்டி மேல்தளம், துளையும் கழுந்துமாகக் கால்கள். ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. ஏழு ஞாயிறு ஆயிற்று. மகள் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை அடுக்கி வைத்தபோது எனக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி முடியாது. சித்திரை வெயில் வந்தது. ஒருநாள் ராத்திரி டப்பென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் நடுப்பலகை ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தினால் உள்ளே போய்விடும். மற்ற இரண்டு பலகையும் தொன்னை மாதிரி வளைந்துவிட்டன. மழைக்காலம் வருவதற்குள் இடது பக்கக் காலடியில் மாவு மாதிரிப் பொடி கொட்டத் தொடங்கியது. உளுப்பு. நடுவில் இருக்கும் சேகோடு வெளிப்புற வெள்ளையையும் சேர்த்து அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள். வெள்ளைக்கட்டையில் சத்து இருக்கிறது, வண்டு அதைத்தான் தேடி வருகிறது.

அதன் பிறகுதான் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். மீந்திருந்த துண்டு ஒன்றை அறுத்து, அறுத்த முகத்தில் ஊசியைக் குத்தினால் 22 சதவீதம். அதே வாடியில் புதிதாக வந்திருந்த பலகையில் 30. நம் ஊர்க் காற்றுக்கு வீட்டுச் சாமான் செய்ய 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது அற்பம். அகலவாக்கில்தான் வேலையைக் காட்டும். அதிலும் மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை நெளிகிறது. இதெல்லாம் ரகசியமும் இல்லை. மரத்தை எப்படிக் காய வைப்பது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1141 என்ற எண்ணில் ஒரு தரநிலை வைத்திருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு 287 என்று இன்னொன்று. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மர அறிவியலுக்கென்றே ஒரு மத்திய அரசு நிறுவனம் இயங்குகிறது. இவ்வளவும் இருந்தும் நம் ஊர் வாடியில் பலகை வெயிலில் சாய்ந்தும் மழையில் நனைந்தும்தான் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் கருவியும் இல்லை, தரநிலையும் இல்லை. மரத்தை வெட்டிக் கொண்டுபோய் ஏரியிலோ குளத்திலோ மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். பால் வடிந்து, பூச்சிக்கு ருசிக்கிற சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும். பிறகு நிழலில் அடுக்கி ஆற வைப்பார்கள். எங்கள் தாத்தா வீட்டு வேப்பமரக் கதவு இன்றைக்கும் தாழ்ப்பாள் பிசகாமல் மூடுகிறது. அந்தப் பொறுமை யாரிடமும் இல்லை என்பதுதான் என்னை வதைக்கிறது. காலையில் அறுப்பது, மாலையில் விற்பது. காய வேண்டியது வாங்குகிறவன் வீட்டிலாம்!

இதில் கூடுதல் வேதனை, இது எந்த மாவட்டம் என்பது. இங்கிருந்து வேப்பந்தட்டை வழியாகப் போனால் பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர். தலைமுறை தலைமுறையாகச் சாமி சிலைகளும் கோயில் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் செதுக்குகிற ஊர். மாமரம், வேம்பு, ஒதிய மரம் என்று நம் நாட்டு மரங்களில்தான் வேலை. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அங்கே போய் ஒரு பெரியவரின் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டையின் வெட்டு முகத்தில் சாணியைக் குழைத்துப் பூசியிருந்தார். "முனைதான் தம்பி முதல்ல காயும், காய்ஞ்சா வெடிக்கும். அதை மூடிட்டா உள்ள இருக்குற ஈரம் நிதானமா வெளிய வரும்" என்றார். செதுக்குகிறவருக்குக் கொஞ்சம் ஈரம் ஒத்தாசை. உளி சுகமாக இறங்கும். பலகையைப் பலகையோடு இணைக்கிற எனக்கு அதே ஈரம்தான் பகை. அப்படிப்பட்ட அறிவுள்ள ஊருக்கு மிக அருகில் இருந்துகொண்டு, மாவட்டத் தலைநகரில் காய்ந்த பலகைக்கு அலைகிறேன்.

மரமே இல்லாத ஊர் என்றால் மனசு ஆறிவிடும். போன ஆடியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வேம்பை வெட்டினார்கள். மாடி எடுக்கிறார்கள், மரம் இடைஞ்சல். அறுபது வயதாவது இருக்கும்; இரண்டு பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும். செயின் சா சத்தம் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் அடிமரம் முழுக்க மூன்றடி மூன்றடித் துண்டுகளாகிவிட்டது. வெட்டு முகத்தில் செக்கச் செவேலென்று சேகு. வைரம் பாய்ந்த கட்டை. கை வைத்தேன், சில்லென்று இருந்தது.

"அக்கா, சொல்லியிருந்தா நான் காசு கொடுத்தே எடுத்திருப்பேனே" என்று வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன்.

"விறகுக்காரர் டன்னு கணக்குல பேசிட்டாருப்பா. நீ பலகைக்குக் கேப்பேன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அந்த மரம் செங்கல் சூளைக்குப் போயிற்று. அதில் பத்து வீட்டுக்குப் படிப்பு மேசை செய்திருக்கலாம்.

"கடையில மூவாயிரத்துக்கு மேசை கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்காத உறவினர் இல்லை. அது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய அட்டை. தண்ணீர் பட்டால் ஊதிவிடும், ஊதினால் செப்பனிட வழியில்லை. என் பிளந்த மேசையையாவது கழற்றி இழைத்து மறுபடி ஒட்டலாம். ஒட்டிவிட்டேன். உளுத்த காலை மாற்றியாயிற்று. மகள் அதில்தான் பிளஸ் டூ படிக்கிறாள்.

இப்போது மாடிப்படிக்கு அடியில் ஏழு பூவரசம் பலகை அடுக்கி வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் வயலில் காற்றுக்குச் சாய்ந்த மரம். முனையில் பழைய பெயிண்ட் பூசி, பலகைக்குப் பலகை இடையில் குச்சி கொடுத்து, மேலே கல் பாரம் ஏற்றிப் பத்து மாதமாகிறது. மாதம் ஒரு முறை ஊசி குத்திப் பார்க்கிறேன். 14க்கு வந்துவிட்டது.

மரவாடி வைத்திருக்கும் அண்ணன்மாரே, கொட்டகை ஓரத்தில் நிழலாக ஒரு தட்டு ஒதுக்குங்கள். அறுத்த தேதியைச் சாக்பீஸில் எழுதி, பத்துப் பலகையைக் குச்சி கொடுத்து அடுக்கிவிட்டு ஒரு வருடம் மறந்துவிடுங்கள். கூடுதல் விலை சொல்லுங்கள், தருகிறேன். வீட்டு மரத்தை வெட்டப்போகிறவர்களே, அடிமரத்தை மட்டும் துண்டு போடாமல் ஏழடி விட்டு அறுக்கச் சொல்லுங்கள். விறகுக்காரருக்குச் சொல்வதற்கு முந்தின நாள், தெருவில் மரவேலை தெரிந்த யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.