சேலையை மேசையில் வைங்க, தங்கத்தை வைக்காதீங்க



தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னதானம் முடிந்ததும், மண்டபத்தில் நாலு மேசை போட்டு, கட்டின பட்டுச் சேலை, பிள்ளைகளின் பாவாடை, கவரிங் நகை விற்கலாம் என்று மகளிர் பிரிவு கேட்டிருக்கிறது. சிலருக்குப் பிடிக்கவில்லை. நான் ஆதரிக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

"ஆன்லைன்ல விற்கலாமே?" என்கிறார்கள். விற்கலாம். ஆனா போட்டோவில் ஒரு கலர், கையில் வாங்கினா வேற கலர். மடிப்பில் ஜரிகை விட்டுப்போச்சா என்று பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். முன்பின் தெரியாத ஆளுக்கு வீட்டு விலாசம் கொடுத்துட்டு, காசு வருமா வராதான்னு உட்கார்ந்திருக்க நம்ம அம்மாமார் பலருக்கு முடியாது.

"மத்தவங்க கட்டின துணியா?" என்றும் கேட்கிறார்கள். அம்மனுக்குச் சாத்திய சேலை என்றால் வாங்க எவ்வளவு போட்டி! அது பிரசாதம், இது அப்படி இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா அக்கா பாவாடையைத் தங்கச்சி போட்டு வளர்ந்த குடும்பங்கள்தானே நம்மில் பாதி? துவைச்சு வச்சா துணி துணிதான்.

பெரிய கேள்வி இதுதான்: "கோயில்ல வியாபாரமா? இலவசமா கொடுத்துடலாமே?"

இலவசம் என்று அறிவிச்சா வர்ற மூட்டையைப் பிரிக்கிறவங்களுக்குத் தெரியும், பாதி கிழிசல். அதோட, உண்மையிலேயே தேவைப்படுறவங்க அந்த வரிசையில் வந்து நிற்க மாட்டாங்க. நாலு பேர் பார்ப்பாங்களே! இருபது வெள்ளி கொடுத்து வாங்கினா அது அவங்க சேலை. அடுத்த வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கிட்டுத் தலை நிமிர்ந்து வரலாம். விற்கிறவங்களுக்கும் அப்படித்தான். சிலர் அலமாரியில் இடம் இல்லாம விற்பாங்க, சிலர் பள்ளிக்கூடச் செலவுக்கு விற்பாங்க. யார் எதுக்கு விற்கிறாங்கன்னு தெரியவே கூடாது. அதனால சேலையில் பேர் வேண்டாம், நம்பர் சீட்டு மட்டும் போதும். மேசையில் நம்ம தொண்டர்கள் நிற்கட்டும்.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். செக்கிங் இல்லாம ஒரு பொருளும் வெளியே போகாது. இங்கேயும் அதே மாதிரி வைப்போம். நல்லது ஒரு கூடை. கறை, சின்ன ஓட்டை இருந்தா சீட்டில் எழுதி, விலை குறைச்சு இன்னொரு கூடை. கிழிசல் வீட்டுக்கே திரும்பட்டும். சீக்கிரம் விலைபோறது பிள்ளைகளின் பட்டுப் பாவாடையும் பரதநாட்டிய உடை, நகை செட்டும்தான். பிள்ளை வளர்ந்துட்டா அது பெட்டியில் கிடக்கும், புதுசு வாங்கவோ காசு அதிகம். கவரிங்கை "கவரிங்" என்று சீட்டில் எழுதியே வைக்கணும்.

தங்கம் மட்டும் வேண்டாம். 916 முத்திரை என்றால் 91.6 சதவீதம் தங்கம், 22 கேரட். ஆனா முத்திரையை மட்டும் கண்ணால் பார்த்து நம்ப முடியாது. உரசிப் பார்க்க, கல்லைக் கழிச்சு எடை போட நம்மிடம் ஆளும் இல்லை, உரிமமும் இல்லை. ஒரு தகராறு வந்தா கோயில் பேர்தான் கெடும். தங்கம் விற்கணும்னா உரிமம் உள்ள கடையில், உங்க கண் முன்னால் எடை போடச் சொல்லுங்க. ஒரே நாளில் இரண்டு மூன்று கடை கேளுங்க. கூலியும் சேதாரமும் திரும்பி வராது, அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

கொஞ்ச நாளைக்குத்தான் பணம் வேணும்னா விற்காதீங்க, அடகு வைங்க. உரிமம் உள்ள அடகுக் கடையில் வட்டி எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுக்குங்க. மாதம் 2 சதவீதம் என்றால், ஆயிரம் வெள்ளிக்கு மாதம் 20 வெள்ளி, ஆறு மாதத்துக்கு 120. தவணை முடியும் தேதியைக் காலண்டரில் குறிச்சு வைங்க, சீட்டைத் தொலைச்சுடாதீங்க.

ஆட்சேபம் உள்ளவங்க வாட்சாப்பில் பேசாம, அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு நேரில் வாங்க, பேசுவோம். ஆதரிக்கிறவங்க இந்த வாரமே அலமாரியைத் திறந்து பாருங்க.

தாயே துணை.