கலப்புமுறைக் கல்வியா, கலப்படக் கல்வியா?

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு எழுவதுண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மறு ஆண்டே மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திர வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றுக்குத் தமிழ் நூல்கள் வந்தன. படித்தறிய நூல், கண்டறிய நோயாளி. ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் அவர் சுமத்தவில்லை.

இன்று நாம் செய்வதென்ன? 2020 இல் கொவிட் பல்கலைக்கழகங்களை மூடியது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் வாட்டின. அப்போது சூம் வகுப்பு ஆபத்துக்கு உதவியது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆபத்துக் காலத்து ஏற்பாட்டுக்கே 'கலப்புமுறைக் கற்பித்தல்' என்று பெயர்சூட்டித் திருப்திப்படுவதுதான் வேதனை. இரண்டு மணிநேரம் திரையில் வாசித்ததையே மண்டபத்திலும் வாசித்தால் அது கலப்பு அல்ல, கலப்படம்.

விளக்கவுரையைப் பத்து, பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவுசெய்து கொடுங்கள். உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் விஞ்ஞானப் பட்டப்படிப்பைத் தொடரும் எங்கள் பிள்ளைகளுக்கு, நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்க முடிவதே பெரும் வரப்பிரசாதம். நேரில் கூடும் பொழுதைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் செய்முறைக்கும் ஒதுக்குங்கள்.

வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கலந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட பிரச்சினை. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுவரட்டும். ஆய்வுகூடத்தில் தம் கையாலேயே அளக்கட்டும். பெறுபேற்றை இணையத்தில் பொது அட்டவணையில் பதியட்டும். தோட்டத்துப் பசளையா, மலசலக்குழியா காரணம் என்று அடுத்த வகுப்பில் வாதாடட்டும். அந்த வகுப்பில் எவருக்கும் தூக்கம் வராது.

வசதியில்லை என்பது சாட்டு. அச்சிட்ட பாடநூலை வீட்டுக்குக் கொடுத்து, செய்முறைக்கு மாணவரை நேரில் அழைக்கும் வழியை இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 களிலேயே காட்டிவிட்டது. இல்லாதது வசதியன்று, மனம்.

இன்னொன்று: பரீட்சை மனப்பாடத்தையே கேட்கும்வரை, திரையை மாற்றினாலும் மண்டபத்தை மாற்றினாலும் பயனில்லை. பாடத்திட்டத்தைத் திருத்த அமர்வோர் முதலில் வினாத்தாளைத் திருத்தட்டும்.