லயத்துக்குப் போன சம்மன்

மலேசியத் தலைமை நீதிபதி அவர்களுக்கு,

ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். வங்கிக் கடிதமோ கோர்ட்டுக் கடிதமோ வந்தால், படித்துச் சொல்லச் சொல்லிப் புந்தோங்கிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் ஆட்கள் என்னிடம் வருவதுண்டு. முன்பு ரப்பர்த் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) பார்த்த வேலை இது. தோட்டம் போய்விட்டது, கடிதம் நிற்கவில்லை.

அவற்றில் 'ஓடி', அதாவது வங்கி மேற்பற்று (ஓவர்டிராஃப்ட்) வழக்குகளைப் பற்றித்தான் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பால்வெட்டு நின்றபின் லாரி வாங்கியவர்கள், மளிகைக் கடை போட்டவர்கள் நடப்புக் கணக்கில் மேற்பற்று எடுத்தார்கள். மைத்துனரோ மகனோ ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வியாபாரம் படுத்தது, வங்கி வழக்குப் போட்டது. வாங்கியதை யாரும் மறுக்கவில்லை. கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்கவும் நான் வரவில்லை.

சம்மன் கைக்கு வந்த 14 நாளுக்குள் முன்னிலைக் குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கின்றன 2012 நீதிமன்ற விதிகள். எங்கள் ஆட்கள் சம்மனைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள். "கட்டக் காசில்லை, போய் என்னத்தைச் சொல்ல?" என்பார்கள். ஆனால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஐயா. 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டுதான் கெடு. அது தாண்டியிருந்தாலும், பிரதிவாதி தன் எதிர்வாதத்தில் எழுதிக் கேட்டால்தான் செல்லும் என்கிறது 4-ஆம் பிரிவு. வராதவருக்கு அந்தக் கேடயம் கிடையாது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு விழுந்தபின், அதை வைத்து வசூலிக்க வங்கிக்கு 12 ஆண்டு அவகாசம். தீர்ப்புக்கு முன்பே பயந்துபோய் ஐம்பது வெள்ளி கட்டியிருந்தால், 6 ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

தொகையும் அப்படித்தான். வங்கி அதிகாரி கையெழுத்திட்ட கடன் சான்றிதழ் ஒன்று வரும். அதில் தவறு இருப்பதைக் கடனாளிதான் காட்ட வேண்டும் என்று செம்பாக்கா ஃபைனான்ஸ் வழக்கில் 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதாமாதம் வட்டி ஏறிய கணக்கு இருப்பதோ வங்கியிடம். அதை எந்தக் கையால் காட்டுவது?

இதைவிட என்னை உறுத்துவது முகவரி. சம்மனைக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஆள் அகப்படாவிட்டால், நீதிமன்ற அனுமதியோடு கதவில் ஒட்டலாம். பேராக்கில் பலரின் அடையாள அட்டையில் இன்னும் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) எண்தான் இருக்கிறது. லயம் இடிந்து, அங்கே செம்பனையோ தாமானோ (குடியிருப்போ) வந்தாயிற்று. ஒட்டக் கதவு ஏது? மாற்றிக்கொள்ளாதது அவர்கள் குற்றம்தான். ஆனால் புது முகவரி வங்கியின் வேறொரு கோப்பிலோ ஜாமீன்தாரரின் வாயிலோ இருக்கும்; ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் 2017 அக்டோபரிலிருந்து ஒரு நடைமுறை உண்டு. தனிநபர் மீது கடன் வழக்குப் போடுமுன் நிறுவனம் கடிதம் அனுப்ப வேண்டும். அதோடு பதில் படிவம், வரவுசெலவுப் படிவம், இலவச ஆலோசனை எங்கே கிடைக்கும் என்ற குறிப்பு எல்லாம் வைத்து, 30 நாள் பொறுக்க வேண்டும். நாம் அவ்வளவு தூரம் போக நாளாகலாம்.

இப்போதைக்கு நான் கேட்பது ஒரே ஒரு தாள். சம்மனின் முதல் பக்கத்துக்கு மேலே, மலாயோடு தமிழிலும் சீனத்திலும்: எந்தத் தேதிக்குள் எந்த நீதிமன்றக் கவுன்டருக்குப் போக வேண்டும், போகாவிட்டால் என்ன ஆகும், 6 ஆண்டுக் கெடுவை நீங்களேதான் எழுப்ப வேண்டும், கணக்கு அறிக்கையைக் கேட்கலாம், சட்ட உதவித் துறை எங்கே, பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே தவணை பேச இலவசமாக உதவும். விதியைத் திருத்தக்கூட வேண்டாம், நடைமுறை உத்தரவு ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். கதவில் ஒட்ட அனுமதி கேட்கும் வங்கியிடம், கடனாளியையும் ஜாமீன்தாரரையும் போனில் தேடினீர்களா என்று பதிவாளர் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

தமிழ்ப் பக்கத்தை எழுதித்தர நானும் நண்பர்களும் தயார். கூலி வேண்டாம், மலாய் மூலத்தை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஈப்போவாசி ஒருவர்