மிகோயல்ஸின் லியர்

சாலமன் மிகோயல்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரது மரணத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 1948 ஜனவரியில், மின்ஸ்க் நகரில், ஸ்டாலினின் உத்தரவுப்படி அவர் கொல்லப்பட்டார். உடலைப் பனி மூடிய தெருவொன்றில் போட்டுவிட்டு வாகன விபத்து என்றார்கள். கொன்ற அரசே மாஸ்கோவில் பெரும் மரியாதையுடன் இறுதிச் சடங்கும் நடத்தியது. இப்படியொரு முடிவு எந்த வாழ்க்கையையும் விழுங்கிவிடக் கூடியதுதான். ஆயினும், அவரைத் தியாகியாக மட்டுமே நினைவுகூர்வது அந்த நடிகனுக்கு இழைக்கப்படும் இன்னொரு அநீதி என்றே நினைக்கிறேன்.

இன்றைய லாட்வியாவின் டௌகாவ்பில்ஸ் நகரில் 1890இல் பிறந்தவர் மிகோயல்ஸ். சட்டம் படித்தவர். 1919இல், ஏறத்தாழ முப்பது வயதில், பெத்ரோகிராதில் கிரனோவ்ஸ்கி நடத்திய யிட்டிஷ் நாடகப் பட்டறையில் சேர்ந்தார். மறு ஆண்டு அக்குழு மாஸ்கோவுக்குப் பெயர்ந்தது. அங்கே அவர்களுடைய சிறிய அரங்கின் சுவர்களுக்கு ஓவியம் தீட்டியவர் மார்க் ஷகால். படித்த யூதர்களில் பலரே கொச்சை என்று ஒதுக்கிய மொழி யிட்டிஷ். அடுக்களையிலும் சந்தையிலும் புழங்கிய அந்தப் பேச்சு, 1935இல் அதே குழுவின் மேடையில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனுடைய மொழியாயிற்று.

குள்ளமான உருவம், அழகென்று சொல்ல முடியாத முகம். லியருக்கு வழக்கமாக ஒட்டப்படும் வெண்தாடியையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. மகுடத்தைத் துறந்த பிறகும் அந்த அரசனின் கை தலையைத் தடவி அதைத் தேடும். அதிகாரம் போன பின்னும் உடலை விட்டுப் போகாத அதிகாரப் பழக்கத்தை ஒரே கையசைவில் காட்டிவிட்டார். விதூஷகனாக உடன் நடித்தவர் பெஞ்சமின் சூஸ்கின்.

அரசின் அலங்காரப் பொம்மையாக இருந்தவர் என்று மிகோயல்ஸைக் குறை கூறுவோர் உண்டு. 1939இல் லெனின் விருது பெற்றார். 1943இல் யூத பாசிச எதிர்ப்புக் குழுவின் தலைவராக, கவிஞர் இட்சிக் ஃபெஃபருடன் அமெரிக்கா சென்று சோவியத் யூனியனுக்கு ஆதரவு திரட்டினார். இவற்றை மறைக்க வேண்டியதில்லை. அரசின் மானியம் இல்லாமல் யிட்டிஷ் லியர் மேடையேறியிருக்க முடியாது. கொடுத்த கையே 1949இல் அந்த அரங்கை மூடியது. 1952 ஆகஸ்ட் 12 அன்று சூஸ்கின், ஃபெஃபர் உள்ளிட்ட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆனால் அந்தப் பேரத்தின் விலையை மட்டும் கணக்கிட்டுவிட்டு, அதனால் விளைந்த கலையைக் காணாமல் போவது நேர்மையான விமர்சனமாகாது.

1936இல் வெளிவந்த ‘சர்க்கஸ்’ திரைப்படத்தில் பல மொழிகளில் மாறி மாறிப் பாடப்படும் ஒரு தாலாட்டு வரும். அதில் மிகோயல்ஸ் யிட்டிஷில் பாடும் பகுதியை அவர் இறந்த பின் வெட்டி எறிந்தார்கள். ஸ்டாலினின் காலம் முடிந்த பிறகே அது திரும்பச் சேர்க்கப்பட்டது. ஆளைக் கொன்ற பிறகும் அந்தக் குரல் ஒலிப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. லியர் நாடகத்தின் சில காட்சித் துணுக்குகளும் படச்சுருளில் எஞ்சியிருக்கின்றன. மிகோயல்ஸை அறிய விரும்புகிறவர்கள் மின்ஸ்க் தெருவுக்குப் போகுமுன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.