பாரிஸ் புறநகர்ப் பள்ளிகள்: முகவரிதான் மார்க் போடுகிறதா?

பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கிறது கிளிஷி-சூ-புவா. 2005 அக்டோபர் 27 அன்று, போலீஸிடமிருந்து தப்பி ஓடிய இரண்டு சிறுவர்கள் இங்கே மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதன்பின் மூன்று வாரம் பிரான்ஸ் முழுக்கக் கலவரம். கார்களோடு சேர்த்துப் பள்ளிகளும் எரிந்தன. பள்ளிமேல் ஏன் இவ்வளவு கோபம்?

யார் வாழ்கிறார்கள்?

தொழிற்சாலை வேலைக்காக அல்ஜீரியா, மொராக்கோ, மாலி போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள் இந்தப் புறநகர்களில் அதிகம். பக்கத்திலுள்ள லா கூர்நெவ் நகரில் ஈழத்தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள். 1970களுக்குப் பிறகு தொழிற்சாலைகள் மூடப்பட, வேலை போச்சு. வசதி வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் அடுக்குமாடிகளிலேயே தங்கிவிட்டார்கள். கிளிஷிக்கு டிராம் வந்ததே 2019-ல்தான்!

பள்ளியில் என்ன சிக்கல்?

எந்த அரசுப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. ஏழைகள் மட்டுமே வாழும் பகுதியில் வகுப்பறையும் அப்படித்தான் இருக்கும். முடிந்தவர்கள் தனியார் பள்ளிக்கு மாறிவிடுகிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இடமாறுதல் வாங்கிப் போக, அந்த இடத்துக்குப் புதியவர்கள் வருகிறார்கள். ஆசிரியர் லீவு போட்டால் மாற்று ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா?

செய்தது. 'குறைவாக உள்ளவர்களுக்குக் கூடுதலாகக் கொடு' என்ற கொள்கையோடு 1981-ல் முன்னுரிமைக் கல்வி மண்டலங்கள் வந்தன. 2017 முதல், மிகவும் பின்தங்கிய பள்ளிகளில் முதல் வகுப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, சுமார் 12 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றானது.

பிறகு எங்கே இடிக்கிறது?

புதிய ஆசிரியரின் சம்பளம் குறைவு. எனவே கூடுதல் பணியிடம் கொடுத்தாலும், ஒரு மாணவருக்கான சம்பளச் செலவு அதே அளவுக்கு உயர்வதில்லை. கிளிஷி இருக்கும் சென்-சான்-தெனி மாவட்டத்தில் அரசுச் சேவைகள் போதவில்லை என்று 2018-ல் இரு நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறிக்கையே சொன்னது. இன்னொன்று, 'முன்னுரிமை மண்டலம்' என்ற பலகை மாட்டியதும், அதைப் பார்த்தே சில பெற்றோர் விலகிப் போகிறார்கள். உதவிக்கு வைத்த பெயரே முத்திரையாகிவிடுகிறது.

இனவாரிக் கணக்கெடுப்புக்கு பிரான்ஸில் கடும் கட்டுப்பாடு உண்டு. அதனால் உதவி பகுதியைப் பார்த்தே போகிறது. பெயரையும் முகவரியையும் பார்த்து வேலை மறுக்கப்படுவதை இந்த உதவி தடுப்பதில்லை. படித்தாலும் வேலை கிடைக்காது என்று அண்ணனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தம்பிக்கு, 12 பேர் வகுப்பு மட்டும் போதுமா? பிள்ளைகள் கலந்து படிக்கும் பள்ளியும், அனுபவமுள்ள ஆசிரியரும், பாகுபாடு இல்லாத வேலைவாய்ப்பும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு மாறும்.