எல்லாம் அடக்கம்

மெக்சிகோ ஹோட்டல் விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் சொற்றொடர் ‘தோதோ இன்க்லுயீதோ’. ஆங்கிலத்தில் ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்கிறார்கள். தமிழில் ‘எல்லாம் அடக்கம்’ என்று போட்டால் யாரும் பிழை சொல்ல முடியாது. ஆனால் தமிழில் அடக்கத்துக்குப் பணிவு என்றும் பொருள் உண்டு, புதைப்பது என்றும் பொருள் உண்டு. கான்கூன் கடற்கரையில் வரிசைகட்டி நிற்கும் ஹோட்டல்களைப் பார்த்தவர்கள் பணிவைப் பற்றிப் பேச மாட்டார்கள். புதைப்பது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஹோட்டல்களில் நுழைந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு சாப்பாடு, நொறுக்குத் தீனி, மது, நீச்சல் குளம், இரவு நேர ஆட்டபாட்டம் எதற்கும் பர்ஸை எடுக்க வேண்டியதில்லை. குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு இது பெரிய வசதி. ஒவ்வொரு ஐஸ்கிரீமுக்கும் டாலரை ரூபாயாக்கிப் பார்த்து முகம் சுளிக்கிற தாத்தாவுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலும் அமெரிக்கா வழியாகத்தான் கான்கூனுக்கு வந்து சேர்கின்றன. டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ வேலை பார்க்கும் மகன் அல்லது மகள், கோடையில் போய் இறங்கும் பெற்றோர், இரண்டு பேரக் குழந்தைகள். நயாகராவும் டிஸ்னியும் முடிந்துவிட்டன, அடுத்து என்ன? ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கரீபியக் கடல். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களுக்கும் இதே சலுகை உண்டு. டிக்கெட் வாங்குமுன் தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்வது புத்திசாலித்தனம். இந்தியாவிலிருந்து நேராகக் கிளம்புகிறவர்கள் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அந்த நாட்டு விசா வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே இஸ்தான்புல் வழியாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாம் அடக்கம் என்ற பிறகு குடும்பம் உட்கார்ந்து திட்டமிட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. எந்த மாதம் போவது, எந்தப் பக்கத்துக் கடலில் இறங்குவது, ஊரைப் பார்ப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தப் பட்டையில் அடங்கவில்லை.

கான்கூன் என்ற ஊரே ஒரு திட்டம்தான். 1960களின் இறுதியில் மெக்சிகோவின் மத்திய வங்கி அதிகாரிகள் அந்நியச் செலாவணிக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். கரீபியத் தீவுகளில் அமெரிக்கர்கள் கொட்டும் டாலர் நம் நாட்டுக்கு ஏன் வரக் கூடாது என்று யோசித்து, நாட்டின் கடற்கரைகளை அலசினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவற்றில் முதன்மையானது, யுகதான் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில் தென்னைகளைத் தவிர அதிகம் ஒன்றுமில்லாத ஒரு மணல் திட்டு. 1970இல் வேலை தொடங்கியது. மறு ஆண்டு இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் வங்கி 2.15 கோடி டாலர் கடன் கொடுத்தது. 1974இல் முதல் ஹோட்டல்கள் திறந்தன. அதுவரை மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருந்த கின்தானா ரோ பிரதேசம் அதே ஆண்டு அக்டோபரில் மாநிலமாயிற்று. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள் இருந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பின்படி கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் வசிக்கிறார்கள். மாயா மொழியில் ‘கான்’ என்றால் பாம்பு. ஊர்ப் பெயருக்குப் பாம்புக் கூடு என்று பொருள் சொல்கிறார்கள். தமிழ்க் கானகத்தோடு முடிச்சுப் போட யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தொடர்பு எதுவும் இல்லை.

வங்கிக்காரர்கள் போட்ட திட்டத்தில் இரண்டு கான்கூன்கள் இருந்தன. கடலோரத் திட்டில் விருந்தாளிகளுக்கு ஒன்று. உப்பேரிக்கு அந்தப் பக்கம், நிலப்பகுதியில், அறை சுத்தம் செய்கிறவர்களுக்கும் சமைக்கிறவர்களுக்கும் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் இன்னொன்று. இந்தப் பிரிவினை எவ்வளவு கச்சிதமானது என்பதை உலகம் 2003 செப்டம்பரில் பார்த்தது. உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு ஹோட்டல் பகுதியில் நடந்தது. எதிர்ப்பாளர்களைப் பல கிலோமீட்டர் முன்னதாக, திட்டின் நுழைவாயிலிலேயே வேலி போட்டு நிறுத்திவிட்டார்கள். தென்கொரிய விவசாயி லீ கியுங் ஹே அந்த வேலியின் மீது ஏறித் தன்னைக் கத்தியால் குத்திக்கொண்டு இறந்தார். உள்ளே இந்தியா, பிரேசில் போன்ற நாடுகள் பணக்கார நாடுகளின் வேளாண் மானியத்தை எதிர்த்து நின்றன, பேச்சுவார்த்தை முறிந்தது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன் 1981 அக்டோபரில் வடக்கு-தெற்கு உச்சி மாநாட்டுக்கு இந்திரா காந்தி இங்கே வந்திருக்கிறார். உலகத் தலைவர்களைக் கூட்டுவதற்கு இது தோதான ஊர். சாலையின் இரு முனைகளையும் அடைத்துவிட்டால் போதும்.

இனிக் குடும்ப விஷயம். மணல் திட்டு 7 என்ற எண்ணின் வடிவத்தில் இருக்கிறது. மேலே உள்ள சிறு கோடு வடக்கு நோக்கியது. எதிரே இஸ்லா முஹேரெஸ் தீவு காப்பாக இருப்பதால் தண்ணீர் அமைதியாக இருக்கும், குழந்தைகள் இறங்கலாம். நீண்ட கோடு கிழக்கே திறந்த கடலைப் பார்த்தது. விளம்பரப் படங்களில் வரும் நீலமெல்லாம் இங்கேதான். அலையும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் இங்கேதான். கரையில் கொடி பறக்கும்: பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. சிவப்பு என்றால் ஆபத்து, கறுப்பு என்றால் கடலில் இறங்கவே கூடாது. ஹோட்டல் முகவரியில் ‘குகுல்கான் சாலை’ என்பதோடு கிலோமீட்டர் எண்ணும் இருக்கும். சுமார் 9ஆவது கிலோமீட்டரில் திட்டு திரும்புகிறது. அதற்கு முந்தையவை வடக்குப் பக்கம், பிந்தையவை கிழக்குப் பக்கம். நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்தியப் பள்ளி நாட்காட்டி கழுத்தை அறுக்கிறது. நமக்கு ஏப்ரல், மே, ஜூன் விடுமுறை. அங்கே அது சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி கரை ஒதுங்கும் காலம். அட்லாண்டிக்கில் மிதந்து வரும் இந்தப் பாசி 2015 முதல் பெரும் தொல்லையாகிவிட்டது. கரையில் குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். ஹோட்டல்காரர்கள் விடியும் முன்பே ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்து அள்ளுகிறார்கள். கடல் மறுபடி கொண்டுவந்து போடுகிறது. வடக்குப் பார்த்த கரைகளில் பாதிப்பு குறைவு என்பது மேலே சொன்ன கணக்குக்கு இன்னொரு காரணம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மெக்சிகோக் குடும்பங்களே திரண்டு வருவதால் அறை கிடைப்பது கஷ்டம். மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கூத்து. பாட்டியை அழைத்துப் போகிற மாதமல்ல. தசரா, தீபாவளி விடுமுறைக்குப் போகலாம் என்றால், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், அக்டோபரில் நல்ல மழை. மிச்சமிருப்பது டிசம்பர். வானிலை அருமை. விலையும் அதற்கேற்ப.

2005 அக்டோபரில் வில்மா புயல் இங்கே கரையைக் கடந்தபோது நகராமல் ஒரே இடத்தில் நின்று அடித்தது. பல்லாயிரக்கணக்கான பயணிகள் நாட்கணக்கில் பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் முடங்கினார்கள். புயல் போனபோது பல இடங்களில் கடற்கரையும் கூடவே போய்விட்டது. மணல்மேடுகளையும் அலையாத்திக் காடுகளையும் அடக்கம் செய்துவிட்டு மேலே கான்கிரீட் எழுப்பினால், கடல் எடுத்துக்கொண்ட மணலைத் திருப்பித் தர எதுவும் மிச்சமிருக்காது. அரசாங்கம் 2006இலும் பிறகு 2009-10இலும் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டியது. இன்று பேரன் கோட்டை கட்டி விளையாடும் மணல் பம்ப் வழியாக வந்ததாக இருக்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவர்கள் அங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பல சமையலறைகளில் கோழி இறைச்சிக் கணக்கில் வருவதில்லை. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், சோற்றைக் கோழிச் சாறில் வேகவைப்பார்கள். கொழுப்புக்கு ‘மான்தேகா’, கோழிக்கு ‘போயோ’, இல்லாமல் என்பதற்கு ‘சின்’. இந்த மூன்று சொற்களைப் பாட்டிக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். உறைப்பில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்போடு போகிறவர்களுக்கு யுகதானின் அபனேரோ மிளகாய் காத்திருக்கிறது. பழக்கடையில் ஓர் ஆச்சரியமும் உண்டு. தெற்கே நாம் சப்போட்டா என்றும் வடக்கே சீக்கூ என்றும் சொல்கிற பழத்துக்கு இதுதான் சொந்த மண். அங்கே அதன் பெயர் ‘சிக்கோசபோத்தே’. நம் இரண்டு பெயர்களும் அந்த ஒரு பெயரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவை. ஒரு காலத்தில் சூயிங்கம் தயாரானதும் இந்த மரத்தின் பாலிலிருந்துதான்.

சிச்சேன் இட்சாவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கான்கூனிலிருந்து சுமார் 200 கி.மீ. பக்கத்துக்கு 91 படிகள், நான்கு பக்கம், உச்சி மேடையையும் சேர்த்தால் 365. ஏற அனுமதி இல்லை, அதனால் முழங்கால் வலிக்காரர்களுக்குக் குறையுமில்லை. கடிகார விஷயம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015 பிப்ரவரியில் கின்தானா ரோ தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. பயணிகளுக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமாம். சிச்சேன் இட்சா இருக்கும் யுகதான் மாநிலம் பழைய நேரத்திலேயே இருக்கிறது. காலை 6 மணிக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் பயணம் செய்தால் அங்கே மணி ஏழரைதான். சுற்றுலா பஸ்களும் வெயிலும் வருமுன் பார்த்துவிடலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலும் இருக்கிறது. காட்டை வெட்டியும் நிலத்தடிக் குகைகளின் மேல் தூண்களை இறக்கியும் பாதை போட்டதாக அதன் மீது கடும் விமர்சனம் உண்டு.

கரோல் பாகில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் மகனோடு ஒரு வாரம் கான்கூனில் இருந்துவிட்டு வந்தார். “மெக்சிகோ எப்படி இருந்தது, மாமி?” என்று கேட்டேன். “ஏ.சி. ரொம்ப ஜில்லுன்னு இருந்தது” என்றார். மணிக்கட்டுப் பட்டையின் சங்கடம் இதுதான். வெளியே போய் ஒரு வேளை சாப்பிட்டால் ஏற்கெனவே கொடுத்த பணம் வீணாகிறதே என்று மனம் அரிக்கும். ஒரு வாரப் பயணத்தில் நான்கு இரவு அந்தப் பட்டையோடும் மூன்று இரவு ஊருக்குள் சாதாரண ஹோட்டலிலும் தங்குவது என் சிபாரிசு. செலவும் குறையும். ஊருக்குள் பாலாபாஸ் பூங்காவில் மாலை வேளையில் உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து உட்காருகின்றன. சுட்ட மக்காச்சோளமும், பாலாடைக்கட்டி துருவிப்போட்டுச் சுருட்டிய மொறுமொறு மார்க்கேசீத்தாவும் விற்கிறார்கள். பரிமாறியவரும் பெருக்கியவரும் வேலை முடிந்து திரும்பும் ஊர் இது. அவர்களில் கணிசமானவர்கள் யுகதான் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த மாயாக்கள். அவர்கள் மூதாதையர் கட்டியதைப் பார்க்கத்தான் 200 கி.மீ. போய்வருகிறோம்.

கடற்கரை ஹோட்டல்களுக்குச் சொந்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெக்சிகோச் சட்டப்படி கடற்கரைகள் எல்லாம் பொதுச் சொத்து. வழியை மறிக்கிறவர்களுக்கு அபராதம் விதிக்க 2020இல் சட்டத்தையும் திருத்தினார்கள். ஆனாலும் ஹோட்டல்களுக்கு நடுவே வழி கண்டுபிடிப்பது சிரமம். சுலபமாகப் போகக்கூடியது டெல்பீனெஸ் கடற்கரை. சுமார் 18ஆவது கிலோமீட்டரில், ஹோட்டல் எதுவும் மறைக்காத திறந்த மேடு. ஊருக்குள்ளிருந்து டவுன் பஸ்ஸிலேயே போகலாம். சில்லறைப் பேசோ கையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க்காரர்கள் சாப்பாட்டுக் கூடையும் பாட்டி தாத்தாவுமாக வந்துவிடுவார்கள். ஓலை வேய்ந்த குடைகளுக்குக் கட்டணம் கிடையாது, காலையிலேயே நிரம்பிவிடும்.